காக்கஸ்: கோளமா, மணியா?

அறிவியல் சொற்களுக்குத் தமிழில் நிகர் காண இராஜாஜி முதலானோர் 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். பிறமொழிச் சொல்லின் வேர்ப்பொருளைப் பெயர்ப்பதா, அது சுட்டும் பொருளின் வடிவைச் சொல்வதா என்பது அத்தகைய பணியில் தீராத வினா. உருண்டை நுண்ணுயிரைக் குறிக்கும் ‘காக்கஸ்’ இதற்குத் தக்க சான்று.

தமிழ்ப் பாடநூல்கள் வடிவையே கொண்டு ‘கோள வடிவ பாக்டீரியா’ என்கின்றன. மூலமான கிரேக்கக் ‘கொக்கோஸ்’ என்பதற்கோ தானியமணி, விதை என்பதே பொருள். 1874இல் பில்ரோத் சங்கிலியாய்த் தொடர்வனவற்றை, முறுக்கியது எனும் அடை சேர்த்து, ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்றார். சீழில் கொத்துக் கொத்தாகக் கண்டவற்றுக்கு 1882இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஆக்ஸ்டன் திராட்சைக் குலையின் பெயரைச் சேர்த்து ‘ஸ்டெஃபைலோகாக்கஸ்’ என்றார். (நாமக்கல் கோழிப்பண்ணையாளர் அஞ்சும் பாதச் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.)

‘கோளம்’ முழுதும் பொருந்துவதுமில்லை. நிமோனியாக் கிருமி ஈட்டிமுனை போன்றது. வெட்டைநோய்க் கிருமி அவரைவிதையை ஒத்தது. இரண்டும் காக்கஸ்களே, கோளங்கள் அல்ல. சேலம், நாமக்கல் சமவெளியில் சோளக்கதிர் மணி பிடிக்கும். நெல்லும் மணியே, கழுத்தில் கோத்து அணிவதும் மணியே. வேர்ப்பொருளையும் வடிவையும் ஒருங்கே தழுவும் அச்சொல்லைக் கொண்டு மணிக்கோவை, மணிக்குலை என்றிருப்பின், பில்ரோத்தும் ஆக்ஸ்டனும் கண்ட காட்சி மாணவர்க்கு உரையின்றியே விளங்கியிருக்கும்.