தீப்பற்றும் வெப்பநிலைச் சோதனை

எரியும் திரவம் என்று சொன்னாலும் எரிவது திரவமல்ல, அதிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவி காற்றோடு கலந்து, சிறு சுடர் ஒன்றைக் காட்டியதும் குப்பென்று பற்றி உடனே அணையும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையே தீப்பற்றும் வெப்பநிலை. ஆய்வகங்களில் ஃபிளாஷ் பாயிண்ட் என்றே வழங்குகிறது. பற்றிய தீ அணையாமல் 5 விநாடியாவது நின்று எரிய, வழக்கமாக இதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்; அது ஃபயர் பாயிண்ட். பெட்ரோலின் தீப்பற்றும் வெப்பநிலை −40 டிகிரி செல்சியஸை ஒட்டியது, எத்தனாலுடையது 13 டிகிரியை ஒட்டியது. கொதிநிலை, உருகுநிலை போல இது பொருளோடு பிறந்த எண் அல்ல. சோதிக்கும் கிண்ணம் மாறினால் எண்ணும் மாறும். இச்சோதனையின் வரலாற்றில் பெரும்பகுதி, எந்தக் கிண்ணத்தை நம்புவது என்ற வழக்குதான்.

வழக்கைத் தொடங்கி வைத்தது மண்ணெண்ணெய் விளக்கு. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு மண்ணெண்ணெய் மலிந்தது. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் வெளிவரும் இலேசான நாப்தாவை அன்று வாங்க ஆளில்லை. அதை மண்ணெண்ணெயில் கலந்து விற்றவர்கள் பலர். விளக்கு எரிய எரிய எண்ணெய்க் கூடு சூடேறும், நாப்தா ஆவி அதற்குள் நிறையும், விளக்கு வெடிக்கும். கார் வந்த பிறகு பெட்ரோலாக மதிப்புப் பெற்ற பொருள், அதற்கு முந்தைய தலைமுறைக்கு வீட்டுக்குள் ஒளிந்திருந்த ஆபத்து.

பிரிட்டன் 1862இல் பெட்ரோலியச் சட்டம் இயற்றி, தீப்பற்றும் வெப்பநிலைக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. எப்படிச் சோதிப்பது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1868ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கிண்ணச் சோதனையை வகுத்தது, தகராறு தீரவில்லை. மூடியில்லாத கிண்ணத்தில் ஆவி கலைந்துபோகும். சன்னலோரத்தில் வைத்தால் ஒரு எண், மூலையில் வைத்தால் வேறு எண். சுடரை எண்ணெய்க்கு எவ்வளவு அருகில் கொண்டுபோவது என்பதும் சோதிப்பவரின் கைப்பழக்கமாகவே இருந்தது. விற்பவரின் வேதியியலாளரும் அரசின் வேதியியலாளரும் ஒரே எண்ணெய்க்கு வெவ்வேறு விடை சொல்ல இதுவே போதும்.

போர்த்துறையின் வேதியியலாளர் ஃபிரடெரிக் ஏபல் கிண்ணத்துக்கு மூடி போட்டார். பித்தளைக் கிண்ணம், அதைச் சுற்றிக் காற்று இடைவெளி, அதற்கும் வெளியே வெந்நீர்த் தொட்டி. மூடியில் நகரும் தகடு ஒன்று. அது விலகும்போது சுடர் உள்ளே தாழும், மீளும்போது துளை அடைபடும். தகட்டை எவ்வளவு நேரம் திறப்பது என்பதையும் அவர் கைக்கு விடவில்லை. ஊசல் மூன்று முறை ஆடும்வரை மெல்லத் திறந்து, நான்காவது ஆட்டத்தில் மூட வேண்டும். 1879இல் இந்த முறை சட்டமானது. பழைய 100 டிகிரிக்கு ஈடாகப் புதிய எல்லை 73 டிகிரி ஃபாரன்ஹீட் ஆயிற்று. எண்ணெய் மாறவில்லை, மூடி வந்ததும் எண் 27 டிகிரி இறங்கியது.

ஜெர்மனியில் பென்ஸ்கி, ஊசலுக்குப் பதில் கடிகாரப் பொறியைப் பூட்டினார். அவரும் அடோல்ஃப் மார்ட்டென்சும் பெயர் தந்த பென்ஸ்கி-மார்ட்டென்ஸ் கருவி, டீசல் போன்ற கனமான எண்ணெய்களுக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. எஃகில் உருவாகும் படிக அமைப்பான மார்ட்டென்சைட் பெயர் பெற்றதும் இதே மார்ட்டென்சிடமிருந்துதான். அமெரிக்காவில் கருவி செய்பவரான ஜுசெப்பே டாலியாபூவேயின் பெயர் 'டேக்' கிண்ணமாகச் சுருங்கி நிலைத்தது. திறந்த கிண்ணமும் ஒழிந்துவிடவில்லை: மசகெண்ணெய்க்கும் தாருக்கும் கிளீவ்லேண்ட் கிண்ணம் இருக்கிறது.

பென்ஸ்கி-மார்ட்டென்ஸ் சோதனையில் கிண்ணத்தின் உட்கோடுவரை எண்ணெய் ஊற்றி, நிமிடத்துக்கு 5 முதல் 6 டிகிரி வீதம் சூடேற்றிக்கொண்டே கலக்குவார்கள். எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஏறத்தாழ 23 டிகிரி கீழே தொடங்கி, டிகிரிக்கு ஒருமுறை கலக்குவதை நிறுத்திச் சுடரைத் தாழ்த்த வேண்டும். உண்மையான பற்றலுக்கு முன்னால் சுடரைச் சுற்றி நீல வளையம் ஒன்று பெரிதாகித் தெரியும். புதிதாகப் பழகுபவர் ஏமாறும் இடம் இதுவே. அது கணக்கில் சேராது. தீ எண்ணெயின் பரப்பு முழுதும் ஓடினால்தான் பற்றியதாகக் குறிப்பார்கள். பிறகு காற்றழுத்தத் திருத்தம்: 101.3 கிலோபாஸ்கலுக்குக் குறையும் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 0.25 டிகிரி கூட்ட வேண்டும். உதகமண்டலத்தின் உயரத்தில் செய்தால் திருத்தம் ஏறத்தாழ 6 டிகிரி வரும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் திரவத்தைத் தள்ள அது போதும்.

இந்தியப் பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றுவதை ஏ வகுப்பிலும், 23 முதல் 65க்குள் பற்றுவதை பி வகுப்பிலும், 65 முதல் 93க்குள் பற்றுவதை சி வகுப்பிலும் வைக்கிறது. ஐ.நா.வின் உலக ஒத்திசைவு முறை 23, 60, 93 என்று கோடு போடுகிறது. 23க்குக் கீழே உள்ளவற்றை, கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை 35ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. ஏபலின் 73 ஃபாரன்ஹீட், செல்சியஸில் 22.8. இன்றைய 23 அதன் பக்கத்திலேயே நிற்கிறது. கப்பல் எரிபொருளுக்குப் பொதுவாக 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. டீசலில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் எண் சட்டென்று சரிவதால், கலப்படம் பிடிக்கவும் இச்சோதனை உதவுகிறது.

இப்போதைய தானியங்கிக் கருவிகள் சிலவற்றுக்கு 1 மில்லிலிட்டர் திரவமே போதும். மூடிய அறைக்குள் பொறி தட்டி, அழுத்தம் திடீரென ஏறுவதைக் கொண்டு பற்றலை அறிகின்றன. கருவி எதுவானாலும், முறையின் பெயர் இல்லாத எண்ணை அறிக்கையில் ஏற்கக் கூடாது. எண் கிடைக்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்றும் கொள்ளக் கூடாது: டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வழக்கமான மூடிய கிண்ணங்களில் பற்றுவதே இல்லை. ஆயினும் காற்றில் அதன் ஆவி 13 சதவீதத்துக்கு மேல் சேர்ந்து, வலுவான பொறியும் கிடைத்தால் எரியும்.