வேலியும் வெயிலும்: யாழ்ப்பாணக் குசினியின் எரிபொருள் குறித்து

வீடுகளைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதை நோர்வே 2020 முதல் தடை செய்தது. ஒஸ்லோவில் வாழும் யாழ்ப்பாணத்தவர் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் மின்கருவிகளுக்குப் பழகிவிட்டார்கள். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டி நிற்கும் குடாநாட்டில் மார்கழிப் பனிக்கும் வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனாலும் குழாய்வழிக் காஸ் இல்லாத வீட்டுக்கு, வாங்கக்கூடிய விலையில், காபன் குறைந்த வெப்பத்தை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது. அங்கே அது கூடத்துக்கு உரிய கேள்வி. இங்கே குசினிக்கு உரியது.

இந்தக் கேள்வியை நமது திட்டமிடலாளர்கள் நெடுங்காலமாக ஓர் ஏணியாகவே பார்த்துவந்தார்கள். கீழ்ப்படியில் விறகு, அடுத்து மண்ணெண்ணெய், மேலே காஸ், உச்சியில் மின்சாரம். வருமானம் கூடக் கூடக் குடும்பம் ஒவ்வொரு படியாக ஏறி, ஏறிய படியை மறந்துவிடும் என்பது கருத்து. மெக்சிக்கோவின் ஊர்களை ஆராய்ந்த ஒமார் மசேராவும் அவருடன் எழுதியவர்களும் 2000 ஆம் ஆண்டிலேயே இது பிழை என்று காட்டினார்கள். மக்கள் படி ஏறவில்லை. பழைய அடுப்பைக் கைவிடாமல் புதியதையும் அருகில் வைத்துக்கொண்டார்கள். குடாநாட்டின் அனுபவம் இதற்கும் ஒருபடி அப்பால் போகிறது என்பது என் வாதம். இங்கே ஒரே எரிபொருளை நம்பி மேலே ஏறிய குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை விழுந்தன.

முதல் வீழ்ச்சி 1990இல் நேர்ந்தது. போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் நின்றது. எரிபொருள் தடைக்குள் மண்ணெண்ணெய் சிக்கியது. அந்த ஆண்டுகளின் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். மரத்தூள் அடுப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரு தகர வாளியின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, அதனூடாக ஒரு தடியைக் கிடையாகச் செருகுவார்கள். நடுவில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்துச் சுற்றிவர மரத்தூளையோ உமியையோ கொட்டிக் கையால் இறுக்குவார்கள். பிறகு போத்தலை மெல்லத் திருகி மேலே உருவவேண்டும். அவசரப்பட்டால் தூள் சரிந்து முழு வேலையும் வீணாகும். போத்தல் இருந்த வெற்றிடமே புகைபோக்கி, தடி இருந்த வழியே காற்றுவாய். சரியாக இறுக்கிய வாளி மணிக்கணக்கில் எரியும். மரக்காலை ஓரத்தில் குவிந்து கிடந்த கழிவை எரிபொருளாக்கிய அந்தப் பொறியியலை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தரவில்லை.

இரண்டாவது வீழ்ச்சிக்கு யுத்தம் தேவைப்படவில்லை. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ரூபாயானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயைத் தொட்டது. இடையில் புரோப்பேன்–பியூற்றேன் கலவை மாறியதை அடுத்து நாடெங்கும் அடுப்புகள் வெடித்தன. அந்த விலைக்கு வாங்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து நாட்கணக்கில் வரிசையில் வைத்தார்கள். அந்த மாதங்களில் குடாநாட்டில் சமாளித்தது வளவுக்குள் வேலியும் பனையும் வைத்திருந்த வீடு.

பெருங்காடு இல்லாத குடாநாட்டுக்கு விறகு வன்னியிலிருந்து வரவேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. ஆகவே இங்கே விறகுக் காடு என்பது வளவின் எல்லையில் நிற்கும் வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவைக் கதியால்களை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகும், தடி அடுப்புக்குப் போகும். அதே அளவு மறுபடி வளரும்வரை, எரித்த காபனைக் கதியாலே திரும்ப உள்ளிழுத்துக்கொள்கிறது. பனையைத் தறிக்க அனுமதி வேண்டும். ஆனால் காவோலை, மட்டை, கொக்காரை, பன்னாடை எல்லாம் மரத்தைத் தொடாமலே கிடைக்கும். பாத்தி கிண்டிக் கிழங்கு எடுத்து, பூரனையும் உண்டபின் மிஞ்சும் ஊமல் காய்ந்தால், நின்று எரியும் அருமையான எரிபொருள்.

போருக்குப் பின் இந்த வேலியை நாமே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் எழுவது மதில். பாதுகாப்புக்கும் அயலவருடன் எல்லைத் தகராறு தீர்வதற்கும் மதில் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. வேலி என்றாலே சண்டை என்று பேசிப் பழகிய நாம், அது ஓர் எரிபொருள் நிறுவனம் என்பதைப் பார்க்கத் தவறினோம். நான் பார்த்த எந்த எரிசக்தித் திட்டமும், ஒரு மதில் எழும்போது ஒரு வீடு எத்தனை மாத விறகை இழக்கிறது என்று கணக்குப் பார்க்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: புகை. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்தப் புகையைக் குடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலி விறகைப் புகழும் எந்தக் கட்டுரையும் அவர்களது மார்புச் சளிக்குப் பதில் சொல்லியாகவேண்டும். பழைய வீட்டில் குசினி பின்பக்கம் தனியாக நின்றது. கூரையில் புகைக்கூடு இருந்தது. புதிய வீட்டின் தரை ஓடு பதித்த குசினி காஸுக்காகவே கட்டப்பட்டது. அதனால் விறகடுப்பு பின்சுவரோடு சாய்த்த தகரப் பத்திக்குள் தள்ளப்பட்டு, முன்னரைவிடக் கூடுதலாகப் புகைக்கிறது. 1980களில் இலங்கையில் உருவான அனகி அடுப்பு ஒரே நெருப்பில் இரண்டு பானை கொதிக்கவைக்கும் சுடுமண் அடுப்பு. விறகையும் புகையையும் குறைக்கும். குறைக்குமே தவிரப் போக்காது. ஆகவே விறகு நாள்தோறும் எரியவேண்டியதில்லை என்றே நான் சொல்கிறேன். அது இருப்பில் இருக்கவேண்டும்.

நாள்தோறும் எரியவேண்டியது வெயில். 12.5 கிலோ காஸில் ஏறக்குறைய 160 யூனிற் (கிலோவாற் மணி) வெப்பம் உண்டு. அடுப்பில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே பானைக்குப் போய்ச் சேர்கிறது. தூண்டல் அடுப்பு வீணாக்குவது மிகக் குறைவு என்பதால், அதே சமையலுக்கு 100 யூனிற் மின்சாரம் போதும். ஆனால் மின்சாரம் என்றாலே காபன் குறைவு என்று முடிவு கட்டக்கூடாது. அந்தச் சிலிண்டரை எரித்தால் 37 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு வரும். அந்த 100 யூனிற்றும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலிருந்து வந்தால் 90 கிலோவுக்குக் குறையாது. பகல் வெயிலிலிருந்து வந்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. எந்த அடுப்பு என்பதைப் போலவே எத்தனை மணிக்குச் சமைக்கிறோம் என்பதும் முக்கியமாகிறது.

யாழ்ப்பாணத்தின் பெரிய சமையல் மத்தியானச் சோறும் கறியுமே. உலை ஏறுவது பத்து, பதினொரு மணிக்கு. கூரைத் தகடுகள் நன்றாக வேலை செய்வதும் அப்போதுதான். 1 கிலோவாற் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிற் தரும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு 3 யூனிற் அளவில் போதும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து மின்வலையமைப்பு தளம்பும் என்று அஞ்சிய மின்சார சபை, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தச் சொன்னது. வெயில் மின்சாரம் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அதே பகல்களில் பத்திக்குள் பெண்கள் ஊதாங்குழல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பகல் பத்து மணி முதல் இரண்டு மணி வரை சமையலுக்கெனக் குறைந்த கட்டணம் வேண்டும். யூனிற் கூடக் கூட விலை ஏறும் இன்றைய வீட்டுக் கட்டண முறை, காஸை விட்டு மின்சாரத்துக்கு மாறும் ஏழைக் குடும்பத்தையே தண்டிக்கிறது. வளவின் ஒரு பக்கமாவது கதியால் வேலியாக நிற்கப் பிரதேச சபைகள் ஊக்கம் கொடுக்கவேண்டும். தனியே நிற்கும் புகைக்கூட்டுக் குசினியை வீட்டுத் திட்டங்கள் மீண்டும் வரைபடத்தில் சேர்க்கவேண்டும்.

இதற்குப் பொருத்தமான முதற்களம் தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை ஆனது. நெடுந்தீவுக்குப் போகும் ஒவ்வொரு சிலிண்டரும் கடல் கடந்து, படகுக் கூலியும் சேர்ந்தே அடுப்புக்கு வருகிறது. அந்தத் திட்டத்தை நடத்தப்போகும் பொறியியலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீவின் மின்தேவையைக் கணக்கிடும்போது விளக்கையும் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் எழுதும் தாளில், மத்தியானத்து உலையையும் எழுதுங்கள்.