டாப் ஸ்டேஷன் – கொட்டகுடி ரோப்வே

மூணாறு மலையின் தேயிலையைப் போடிநாயக்கனூர்ப் பக்கம் இறக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயங்கிய சரக்கு ரோப்வே. செங்குத்தான இந்தச் சரிவில் பாலமோ பாதையோ செய்யவேண்டிய வேலையை இரும்புக் கம்பி செய்தது. நீளம் சுமார் 5 கி.மீ. கீழ்முனையான கொட்டகுடி இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கு ஓடும் கொட்டகுடி ஆற்றின் தண்ணீர் போடியைக் கடந்து வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது.

ரோப்வேக்குத் தேயிலை கொண்டுவந்தது குண்டலப் பள்ளத்தாக்கு ரயில். 1902இல் இது தொடங்கியபோது இருந்தது ஒற்றைத் தண்டவாளம்தான். பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும், வண்டி சாயாதபடி பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும், மாடுகள் இழுக்கும். யூவிங் முறை எனப்படும் இதே ஏற்பாடு பின்னர் 1907இல் பஞ்சாபின் பாட்டியாலாவிலும் வந்தது. 1908இல் குண்டலப் பாதை 2 அடி அகல இருப்புப்பாதையானது. நீராவி எஞ்சின்கள் ஓடின. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வந்த பெட்டிகள் அங்கிருந்து கம்பியேறி இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கி.மீ. மாட்டுவண்டிப் பயணம்.

போடியிலிருந்து ரயிலில் தேயிலை போனதாகப் பல குறிப்புகள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. ஆனால் மதுரை–போடி ரயில் பாதை திறந்தது 1928இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளின் சுமை முழுவதும் சாலையில் நடந்த மாடுகளுடையது, வண்டிக்காரர்களுடையது. அந்த உழைப்பை வரலாற்றிலிருந்து தள்ளிவிடுவது நியாயமல்ல.

1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாறைச் சிதைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இது ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ எனப்படுகிறது. தண்டவாளங்கள் அடித்துச் செல்லப்பட்டன. குண்டல ரயில் மீண்டும் ஓடவில்லை. நாளடைவில் லாரிகள் மலையேறின, ரோப்வேயும் மறைந்தது.

டாப் ஸ்டேஷன், குரங்கணிக்கு மேலேயுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் ஆகிய ஊர்ப்பெயர்கள் ரோப்வேயின் நிலையங்களால் வந்தவை. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டல ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று காட்சியில் உள்ளது. கொட்டகுடியிலும் ஒரு நினைவுக் கல்லாவது நடப்படவேண்டும்.

போடி ரயிலுக்கும் இடைவெளிகள் நேர்ந்தன. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் பாதை மறுபடி வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற சேவை, 2023 ஜூன் 15 அன்று போடியை மீண்டும் எட்டியது.