துணி ஒட்டிலிருந்து மென்பொருள் ஒட்டுக்கு: ‘பேட்ச்’ கடந்த பாதை

கிழிசலின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணியை ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்பார்கள். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தழும்பை மறைக்கவும் அழகுக்காகவும் பெண்கள் முகத்தில் ஒட்டிக்கொண்ட கறுப்புப் பட்டுத் துண்டுக்கும் அதே பெயர். அது முகத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து, அணிந்தவர் விக் கட்சியா டோரி கட்சியா என்று அறியலாம் என ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன் 1711இல் எழுதினார். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைக்கும் இச்சொல்லே வழங்குகிறது. ஆனால் இது மிகப் பெரிய மாற்றத்தைக் கண்டது கணினித் துறையில்தான்.

1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்த மார்க் 1 கணினிக்கு நீண்ட காகித நாடாவில் துளைகளாகக் கட்டளைகள் தரப்பட்டன. நாடாவின் குறுக்கே 24 துளையிடங்கள். ஒரு துளை தவறாக விழுந்தால் நாடா முழுவதையும் மறுபடி துளைக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு துண்டை ஒட்டி அடைத்தால் போதும். இப்படி ஒட்டுப்போட்ட மார்க் 1 நாடா அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் சேகரிப்பில் இருக்கிறது. மென்பொருள் ‘பேட்ச்’ வெறும் உருவகம் என்று கருதுவோர் இந்த நாடாவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே ஒட்டியவரும் இயந்திரத்தை ஓட்டியவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இந்த நெருக்கம் படிப்படியாக அறுந்ததே இவ்வரலாற்றின் சாரம் என்பது என் கருத்து.

1970களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய ‘டிஃப்’ நிரல், இரு கோப்புகளுக்கிடையே மாறிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டியது. 1985இல் லாரி வால் வெளியிட்ட ‘பேட்ச்’ நிரல், அந்த வேறுபாட்டைப் பழைய கோப்பில் தானாகவே பொருத்தியது. எங்கோ இருக்கும் ஒருவர் திருத்தத்தை மட்டும் அனுப்ப, இன்னோர் ஊரில் இருப்பவர் தம் பிரதியில் அதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பெறுபவரின் பிரதி சற்று மாறி, வரி எண்கள் இடம்பெயர்ந்திருந்தாலும் குழப்பமில்லை. திருத்தத்தைச் சுற்றியுள்ள மாறாத வரிகளை அடையாளமாகக் கொண்டு உரிய இடத்தை நிரலே தேடிப் பிடித்துவிடும். நல்ல தையற்காரர் கிழிசலைச் சுற்றியுள்ள உறுதியான துணியில் தையலைப் பிடிப்பது போன்ற வேலை இது. எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு பெரிய விளைவு! முன்பின் பார்த்திராத பலர் மின்னஞ்சலில் அனுப்பிய ஒட்டுகளால் லினக்ஸ் கருநிரல் வளர்ந்தது இந்த வழியில்தான்.

இணையம் பரவியதும் ஒட்டுப்போடும் பொறுப்பு நிரலே அறியாத பயனரிடம் வந்து சேர்ந்தது. 2003 ஜனவரியில் பரவிய ‘ஸ்லாமர்’ கணினிப் புழு பயன்படுத்திய மென்பொருள் ஓட்டைக்கு 2002 ஜூலையிலேயே ஒட்டு வந்திருந்தது, பலர் போடவில்லை. அதே 2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு ஒட்டுகளை மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று மொத்தமாக வெளியிடும் முறைக்கு மாறியது. நிர்வாகிகள் முன்கூட்டித் திட்டமிட இது உதவியது. ஆனால் வெளியான ஒட்டைப் பழைய நிரலோடு ஒப்பிட்டால் ஓட்டை எங்கே என்பது தாக்குபவருக்கும் புலப்பட்டுவிடும். அதனால் தாமதிப்பவருக்கு ஆபத்து முன்னைவிடக் கூடுகிறது.

2017 மே மாதம், கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ‘வானக்ரை’ தீநிரல் தாக்கியபோது பிரிட்டன் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான ஒட்டு மார்ச் மாதமே வந்திருந்தது. 2014இல் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டை வெளியிட்டது.