விக்தோரும் என் பேரனும்

என் பேரனைப் பெயர் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். தெருவில் தவில் சத்தம் கேட்டாலோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான். "கூப்பிட்டால் கேட்காத காது இதற்கு மட்டும் கேட்கிறதா? நடிக்கிறாயா?" என்று ஒருநாள் அதட்டிவிட்டேன். அவனுக்கு ஆட்டிசம் என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். அன்றிரவு, பள்ளி நாளில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது.

1800 ஜனவரியில், தென் பிரான்சின் அவேரோன் பகுதியில், காட்டில் தனியே திரிந்த சிறுவன் ஒருவன் ஊருக்குள் வந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். பேச்சு இல்லை. பாரீசுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மருத்துவரான பினெல், இவன் பிறவி மந்தம், தேறமாட்டான் என்றார். காது கேளாதோர் பள்ளியில் இருந்த இளம் மருத்துவர் இத்தார் அதை ஏற்கவில்லை. விக்தோர் என்று பெயரிட்டுச் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். சோறு போட்டு வளர்த்தவர் மதாம் கெரேன்.

இத்தார் 1801-லும் 1806-லும் எழுதிய அறிக்கைகளை இப்போது தேடிப் படித்தேன். காதருகே துப்பாக்கி வெடித்தும் பெரிதாக அசையாத பையன், வால்நட் உடைபடும் சிறு ஓசைக்கு உடனே திரும்பினானாம். என் பேரனும் அப்படித்தான். முறுக்கு டப்பா மூடி திறந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான்!

விக்தோர் 'லே' என்ற சொல்லைக் கற்றான். பால் என்று பொருள். ஆனால் பால் கேட்பதற்காகச் சொல்லவில்லை. பாலைப் பார்த்த மகிழ்ச்சியில் சொன்னான். இத்தார் அதைத் தோல்வி என்று எழுதினார். மகிழ்ச்சியைச் சொல்வதும் பேச்சுதானே என்று எனக்குத் தோன்றியது.

விக்தோருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 1943-ல்தான் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்று பெற்றவள் மேல் பழி போட்டார்கள். எத்தனை தாய்மார் அழுதிருப்பார்களோ! 1986-ல் டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஆட்டிசத்தோடு வளர்ந்த தன் கதையைத் தானே எழுதினார். பள்ளி மணியோசை தனக்குப் பல் நரம்பைத் துளைப்பதுபோல் வலித்தது என்று பின்னர் விளக்கியிருக்கிறார். என் பேரன் நடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தாரின் அறிக்கையில் இன்னொன்று உண்டு. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வைப்பது விக்தோரின் வேலை. மதாம் கெரேனின் கணவர் இறந்த அன்றும் வழக்கம்போல் அவர் தட்டை வைத்தான். அந்த அம்மாள் கதறி அழுதார். விக்தோர் அவரைப் பார்த்தான். தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு ஒருநாளும் அதை வெளியே எடுக்கவில்லை. இவனுக்கா மனம் இல்லை?

இத்தார் கைவிட்ட பிறகும் விக்தோர் அந்த அம்மாளிடமே இருந்து, 1828-ல் இறந்தான்.

இப்போதெல்லாம் நான் பேரனைக் கத்திக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சற்று நேரம் கழித்து, அவனே என் விரலைப் பிடித்துக்கொள்கிறான்.