நாவும் நடுநிலையும்

சுவைப்பது எளிது, சுவைத்ததைப் பற்றி நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வது அரிது. நம் விருப்பும் வெறுப்பும் நாவுக்கு முன்பாகவே சென்று பந்தியில் அமர்ந்துகொள்கின்றன. பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் புகழவோ இகழவோ தொடங்கிவிடுகிறோம். இக்குறையினின்று விடுபட மனிதர் மேற்கொண்ட முயற்சி ஒன்றை, நம் வாசகர்கள் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து எடுத்துக்காட்ட விழைகிறோம். அமெரிக்க நாட்டில் காய்ச்சப்படும் வெளிர்நிறக் கோதுமை பீரும், அதனைச் சுவைத்து மதிப்பிடும் நடுவர்களின் நெறிமுறையுமே இக்கட்டுரையின் பொருள்.

பீர் என்னும் சொல்லைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அச்சுளிப்பு நியாயமற்றதன்று. குடியினால் அடகுக் கடைக்குப் போன தாலியையும், பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகளையும் பங்குத்தளங்களில் நாம் அன்றாடம் காண்கிறோம். எனவே இது மதுவுக்குப் பாடும் புகழுரை அன்று. ஒரு பானத்தின்மீது ஒரு நாடு வெவ்வேறு காலங்களில் வழங்கிய தீர்ப்புகளின் வரலாறு. அவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. நமக்குப் பாடமும் உண்டு.

பவேரியாவின் கோதுமை

கோதுமை பீரின் கதை செர்மனியின் பவேரியா மாநிலத்தில் வேர்கொண்டது. 1516-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபுக்கள் ஒரு கட்டளை பிறப்பித்தனர். பீர் காய்ச்சுவதற்கு வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கோதுமை அதில் இடம்பெறவில்லை. அது ரொட்டிக்கு உரியது, ஏழையின் உணவை விலையேற்றக் கூடாது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம்.

ஆயினும் சட்டத்திற்கு விலக்கு இருந்தது. கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை டேகன்பெர்க் என்னும் பிரபு குடும்பம் பெற்றிருந்தது. 1602-இல் அக்குடும்பத்தின் வழி அற்றுப்போகவே, அவ்வுரிமை ஆட்சியாளரான முதலாம் மாக்சிமிலியனிடம் வந்து சேர்ந்தது. அது அரசின் தனியுரிமை ஆயிற்று. கருவூலத்துக்குப் பெரும் வருவாயும் ஈட்டித் தந்தது. எளியவனுக்கு மறுக்கப்பட்ட தானியம் அரண்மனைக்கு ஏற்புடையதாயிற்று! தீர்ப்பு பொருளைப் பார்த்து வழங்கப்படவில்லை, ஆளைப் பார்த்து வழங்கப்பட்டது. 1872-இல்தான் கேயார்க் சினைடர் என்னும் தொழில்வல்லுநர் அவ்வுரிமையை அரச குடும்பத்திடமிருந்து பெற்றார்.

கோதுமைக்கு ஓர் இயல்பு உண்டு. வாற்கோதுமையைப் போல அதற்கு ஒட்டியிருக்கும் உமி இல்லை. அரைத்த தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்துச் சாற்றை வடிக்கும்போது, உமியே இயற்கையான சல்லடையாக நின்று உதவுகிறது. கோதுமை மட்டும் இருந்தால் கூழாகிச் சாறு இறங்காது. ஆகவே வாற்கோதுமையைத் துணைசேர்த்தே கோதுமை பீர் காய்ச்சுகின்றனர். கோதுமையில் மிகுந்துள்ள புரதம் தடித்த வெண்ணுரையையும் மெல்லிய கலங்கலையும் தருகிறது. பவேரிய ஈஸ்ட் அதனுடன் கிராம்பின் மணத்தையும் வாழைப்பழத்தின் மணத்தையும் சேர்க்கிறது. கிராம்போ வாழைப்பழமோ அதில் இடுவதில்லை. யாவும் நொதித்தலின் விளைவே.

உரோமைக்குச் சென்ற வழக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செர்மானியக் குடியேறிகள் தங்கள் பீரையும் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அவர்களை அடுத்துத் துறவியரும் சென்றனர். பவேரியாவின் மெட்டன் மடத்தைச் சேர்ந்த போனிபாஸ் விம்மர் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, 1846-இல் பென்சில்வேனியாவில் லாட்ரோப் ஊரருகே புனித வின்சென்ட் மடத்தை நிறுவினார். அந்நாட்டில் ஆசீர்வாதப்பர் சபையின் முதல் மடம் அதுவே. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 40-ஆம் அதிகாரத்தில் துறவியருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு திராட்சை இரசத்தை அனுமதிக்கிறார்; முற்றிலும் விலக்கும் வரம் பெற்றோர் விலக்கட்டும் என்றும், பருகுவோர் அளவறிந்து பருகட்டும் என்றும் அங்கே அறிவுரை தருகிறார். திராட்சை விளையாத குளிர்நாட்டில் அவ்விடத்தைப் பீர் பெற்றது. விம்மருக்கு அது உணவின் ஒரு பகுதி, மடத்தின் வருவாய்க்கும் ஒரு வழி.

ஆனால் அம்மறைமாவட்டத்தின் ஆயர் மைக்கேல் ஓ'கானர் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்தவர். அதே கார்க் நகரில்தான் கப்புச்சின் துறவி தியோபால்ட் மேத்யூ 1838-இல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கம் இலட்சக்கணக்கான அயர்லாந்து மக்களை உறுதிமொழி எடுக்கச் செய்திருந்தது. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அம்மக்கள், அமெரிக்காவின் சுரங்கங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைத்து, ஈட்டிய கூலியைச் சாராயக் கடைகளில் இழப்பதை ஆயர் கண்டார். துறவு மடமே பீர் காய்ச்சி விற்றால் தம் மக்களுக்கு எந்த முகத்தோடு போதிப்பது என்று அவர் கேட்டார். வேறு சில பிணக்குகளுடன் இவ்வழக்கும் உரோமைக்குச் சென்றது. 1852-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர், ஒழுங்குக்கேடு எதுவும் நேராதவாறு காக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையுடன் துறவியர் பீர் காய்ச்ச அனுமதி அளித்தார்.

இவ்விருவருள் யார் சரி? புனித தாமஸ் அக்குவினாஸின் இறையியல் தொகுப்பு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. உணவும் பானமும் தம்மளவில் தீயவை அல்ல என்று நிறுவுகிறார் அவர். உடனே சூழ்நிலையால் அவை தகாதவை ஆகக்கூடும் என்றும் வகுத்துக் காட்டுகிறார்: பருகுபவர் எளிதில் நிலைதவறுபவராயின், விலக்குவதாக வாக்களித்தவராயின், அளவு மீறினால், பிறருக்கு இடறலானால். விம்மர் பொருளைப் பற்றிப் பேசினார். ஓ'கானர் பருகுபவரையும் இடறலையும் பற்றிப் பேசினார். இருவேறு கேள்விகளுக்கு இருவரும் சரியான விடை கூறினர். கேள்விகளைப் பிரித்துப் பாராமையால் மோதல் எழுந்தது.

பிரித்துப் பாராத சட்டம்

அமெரிக்கக் கத்தோலிக்கர் 1872-இல் முழு மதுவிலக்கு ஒன்றியம் ஒன்றை நிறுவினர். மனமாற்றமும் சுய உறுதிமொழியுமே அதன் வழிகளாக இருந்தன. நாடோ வேறு வழியில் சென்றது. அரசியலமைப்பின் 18-ஆம் திருத்தத்தின்படி 1920 சனவரியில் தேசிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அரை விழுக்காட்டுக்கு மேல் மதுச்சத்து உள்ள எப்பானமும் போதைப் பொருளே என்றது சட்டம். திருப்பலிக்கான திராட்சை இரசத்துக்கு விலக்கு உண்டு. மற்றபடி, மென்மையான கோதுமை பீரும் தொண்டையை எரிக்கும் விஸ்கியும் ஒரே தராசில் ஒரே எடையாயின. பால்டிமோர் கர்தினால் கிப்பன்ஸ், மதுவிலக்கை நாடு முழுவதற்கும் சட்டத்தால் திணிப்பதை எதிர்த்தவர்களுள் ஒருவர்.

தொடக்க ஆண்டுகளில் குடி குறைந்தது உண்மை. அதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கள்ளக் கடத்தலும் வன்முறையும் வளர்ந்தன. கடத்துபவனுக்கு, அதிக இடம் கொள்ளும் பீரைவிடச் சிறு குப்பியில் அடங்கும் கடும் சாராயமே இலாபம் தந்தது. 1933 திசம்பர் 5-ஆம் நாள் 21-ஆம் திருத்தம் மதுவிலக்கை நீக்கியபோது, சிற்றூர்களின் சிறு காய்ச்சும் சாலைகள் பெரும்பாலும் அழிந்திருந்தன. கோதுமை பீரும் அவற்றோடு மறைந்துபோயிற்று. எஞ்சிய பெரு நிறுவனங்கள் ஒரே வகை வெளிர் பீரை நாடெங்கும் பரப்பின. 1970-களின் இறுதியில் அப்பெருநாட்டில் நூற்றுக்கும் குறைவான காய்ச்சும் சாலைகளே இருந்தன.

மறுபிறப்பு சிறிய இடங்களிலிருந்து வந்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதை 1978-இல் கையெழுத்தான சட்டம் அனுமதித்தது. சான் பிரான்சிஸ்கோவில் நலிந்துகிடந்த ஆங்கர் நிறுவனத்தை 1965-இல் கைக்கொண்ட ஃபிரிட்ஸ் மேடேக், 1984-இல் கோதுமை பீர் ஒன்றை வெளியிட்டார். மதுவிலக்குக்குப் பின் அந்நாட்டில் தோன்றிய முதல் கோதுமை பீர் அது என்பர். 1986-இல் ஓரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் விட்மர் சகோதரர்கள் வடிகட்டாத கலங்கலான கோதுமை பீரை மக்கள்முன் வைத்தனர். இப்புதிய பீர் பவேரிய பீரின் நகல் அன்று. தன் மணத்தை அதிகம் காட்டாத ஈஸ்டை இவர்கள் பயன்படுத்தினர். கிராம்பும் வாழைப்பழமும் மறைந்தன. ரொட்டி மாவின் மென்மணமும், அமெரிக்க ஹாப்ஸ் தரும் எலுமிச்சை, ஆரஞ்சு மணமும் முன்வந்தன.

நடுவரின் மேசை

புதிய வகைகள் பெருகவே, அவற்றை முறையாக மதிப்பிடுவோரும் தேவைப்பட்டனர். 1985-இல் பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் நெறிமுறை நம் கவனத்துக்கு உரியது.

போட்டிக்கு வரும் குப்பிகளில் காய்ச்சியவர் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். நடுவர் தாம் காய்ச்சிய பீர் இருக்கும் வரிசையில் அமரலாகாது. சில மடக்கு அளவே ஊற்றப்படும். மணம் விரைவில் கலைந்துவிடுமாதலால் முதலில் முகர்வர். பின்னர் நிறத்தையும் நுரையையும் நோக்குவர். அதன் பின்னரே சுவைப்பர். அடுத்ததற்குச் செல்லுமுன் தண்ணீராலும் ரொட்டித் துண்டாலும் நாவைத் தூய்மை செய்துகொள்வர். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண்கள் 50. ஒவ்வொருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசலாகாது. மதிப்பெண்கள் ஏழுக்குமேல் வேறுபட்டால் கலந்துபேசி, மீண்டும் சுவைத்து நெருங்கி வருவர். மிக மோசமான பீருக்கும் 13-க்குக் கீழே இடுவதில்லை என்பது மரபு. முயன்றவனுக்குக் காட்டும் மரியாதை அது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, அந்தந்த வகையை அதனதன் இலக்கணத்தால் அளப்பது. வெளிர்நிற அமெரிக்கக் கோதுமை பீர் வைக்கோல் நிறம் முதல் பொன்னிறம்வரை இருக்கலாம். நுரை வெண்மையாக, நெடுநேரம் நிற்க வேண்டும். கலங்கல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கசப்பு மிதமாக இருக்க வேண்டும். மதுச்சத்து 4 முதல் 5.5 விழுக்காடு. அதில் வாழைப்பழ மணம் ஓங்கினால் குறை. பவேரியப் பீரில் அம்மணம் இல்லாவிட்டால் அதுவே குறை! வேறொரு வகையில் குற்றமாகக் கருதப்படும் கலங்கல் இங்கே குற்றமன்று. வெண்ணெய் வாடை, வேகவைத்த மக்காச்சோள வாடை, நனைந்த அட்டையின் வாடை ஆகியவை இப்பீரில் மெய்யான குறைகள். அவற்றைக் கண்ட நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நிறுத்துவதில்லை. நொதித்தல் முற்றுப்பெறாமையால் வெண்ணெய் வாடை எழுந்திருக்கலாம், காற்றுப் புகுந்து பீர் பழகியதால் அட்டை வாடை வந்திருக்கலாம் என்று காரணத்தையும், திருத்தும் வழியையும் எழுதுகிறார். அத்தாள் காய்ச்சியவரின் கைக்கே திரும்பிச் செல்கிறது.

கானாவூர்ப் பந்தி

பெயரறியாமல் சுவைக்கும் இவ்வழக்கம் நற்செய்திக்கு அந்நியமானதன்று. யோவான் நற்செய்தியில் கானாவூர்த் திருமணப் பந்தியின் மேற்பார்வையாளர், இரசம் எங்கிருந்து வந்தது என்று அறியாமலே சுவைத்துப் பார்த்தார். அதுவே சிறந்தது என்று தீர்ப்பளித்தார். நாசரேத்து ஊராரான ஒருவரின் செயல் அது என்று முன்னரே அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் நா அத்துணைத் தெளிவாகப் பேசியிருக்குமா? நாசரேத்திலிருந்து நல்லது வரக்கூடுமா என்று ஐயுற்ற நத்தனியேலை அதற்குச் சற்று முன்புதான் அதே நற்செய்தியில் காண்கிறோம்.

நம் பங்குகளிலும் இல்லங்களிலும் நடப்பதென்ன? குப்பியின்மேல் ஒட்டிய பெயரைப் பார்த்தே தீர்ப்பிடுகிறோம். இன்ன தெருக்காரர், இன்ன குடும்பத்தார், இன்ன சாதியார் என்ற எழுத்துகளைப் படித்த பின்பு மனிதரைச் சுவைக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. மூத்த மகனின் இலக்கணத்தை இளையவன்மீது சுமத்தி, அவனிடம் இல்லாத வாழைப்பழத்தைத் தேடிக் கடிந்துகொள்கிறோம். குறையைக் கண்டால் ஊருக்குச் சொல்கிறோம். உரியவரின் கையில் கொடுப்பதில்லை. தீர்ப்பிட வேண்டாம் என்று ஆண்டவர் விலக்கியது இத்தகைய தீர்ப்பையே அன்றி, நல்லதையும் தீயதையும் பகுத்தறியும் முயற்சியை அன்று. அனைத்தையும் சோதித்துப் பார்க்குமாறு தெசலோனிக்கரைப் பணித்தவர் திருத்தூதர் பவுல்.

அதே வேளையில் ஆயர் ஓ'கானரின் கேள்வியை நாம் மறந்துவிடலாகாது. பொருள் நல்லதாக இருக்கலாம். எனக்கும் என் வீட்டாருக்கும் அது நல்லதா என்பது வேறு கேள்வி. குடிக்கு அடிமையான ஒருவருக்கு நடுவரின் மேசையில் இடமில்லை. அவருக்கு எந்த வகையும், எந்த அளவும் நஞ்சே. அவர் விலக்கி வைக்கும் கோப்பை 50-க்கு 50 பெறும் கோப்பையைவிட இறைவன்முன் உயர்ந்தது. அப்படிப்பட்டவர் அமர்ந்திருக்கும் பந்தியில் மற்றவரும் தம் கோப்பையைத் தள்ளிவைப்பது அன்பின் கடமை.

விம்மரின் மடம் லாட்ரோபில் இன்றும் இருக்கிறது. ஆயர் ஓ'கானரோ தம் ஆயர் பொறுப்பை 1860-இல் துறந்து, இயேசு சபையில் எளிய துறவியாகச் சேர்ந்தார். ஒரே வழக்கில் எதிரெதிரே நின்ற இருவரையும் திருச்சபை தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டது. பொருளை அதன் இயல்பாலும், மனிதரை அவர்தம் நிலையாலும் தனித்தனியே அளக்கக் கற்றுக்கொண்டால், நம் இல்லங்களின் பல வழக்குகள் உரோமைவரை செல்லாமல் உணவு மேசையிலேயே தீர்ந்துவிடும்.