பேராக் வழியே ஒரு வரலாற்றுப் பயணம்



சுற்றுலா என்றதும் கண்ணுக்கு விருந்து, நாவுக்கு விருந்து என்ற அளவில் நாம் நின்றுவிடுகிறோம். பேருந்தில் ஏறுகிறோம், பழைய கட்டடத்தின் முன் நின்று படம் எடுக்கிறோம், பெயர் பெற்ற கடையில் உண்டு திரும்புகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், அந்தக் கட்டடமும் அந்த உணவும் எப்படி அங்கே வந்தன என்று கேட்டால்தான் சுற்றுலா கல்வியாகிறது.

இன்று நாம் தைப்பிங்கில் தொடங்கி, கோலா கங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ வழியாகப் பத்து காஜா வரை செல்வோம். போகுமிடமெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதைக் கட்டச் சொன்னவர் யார்? இதைக் கட்டிய கை யாருடைய கை? முதற் கேள்விக்கு விடை பெரும்பாலும் கற்பலகையிலேயே இருக்கும். இரண்டாம் கேள்விக்குத்தான் நாம் தேட வேண்டும்.

முதலில் தைப்பிங். லாருட் வட்டாரத்தில் கிடைத்த ஈயத்துக்காகக் கீ ஹின், ஹை சான் என்னும் இரு சீனக் குழுக்கள் 1861ஆம் ஆண்டு முதல் பலமுறை மோதிக்கொண்டன. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை அப்போருக்கு முடிவு கட்டியது. அதோடு பேராக்கில் ஆங்கிலேயரின் ஆட்சிக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஊருக்கு வைத்த 'தைப்பிங்' என்னும் சீனப் பெயருக்கு நிலைத்த அமைதி என்று பொருள். ஈயம் தோண்டிய பள்ளங்களே பின்னர் ஏரிப் பூங்காவாயின. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகமான பேராக் அருங்காட்சியகம் 1883இல் இங்கேதான் தொடங்கப்பட்டது.

நம் நாட்டின் முதல் இரயில் பாதையும் தைப்பிங்கிலிருந்தே புறப்பட்டது. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், போர்ட் வெல்ட் துறைமுகம்வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவுக்கு அது திறக்கப்பட்டது. ஈயம் கப்பலேற வேண்டும், அதற்காகவே பாதை. சதுப்பு நிலத்தில் மண் கொட்டித் தண்டவாளம் இட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர் படையினர். பின்னாளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இரயில்வேயில் பணியாற்றினர். அந்தப் பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட், கோலா செப்பெத்தாங் என்று பெயர் மாறிவிட்டது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஊர்ப்பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. பயணிகளுள் தமிழ் படிப்பவர் இல்லையென்றால் பலகையில் தமிழுக்கு என்ன வேலை? ஒரு பெயர்ப்பலகையும் வரலாற்றுச் சான்றுதான் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்து அரச நகரான கோலா கங்சார். இங்குள்ள உபுடியா பள்ளிவாசல், சுல்தான் இட்ரிஸ் காலத்தில் 1913இல் தொடங்கி 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். கட்டட வேலை நடந்தபோது இரண்டு யானைகள் சண்டையிட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன என்று சொல்வார்கள். இதன் குவிமாடங்களையும் வளைவுகளையும் பார்க்கும்போது, 1892இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றம் நினைவுக்கு வரலாம். வியப்பில்லை. இந்திய, இசுலாமியக் கட்டடக் கலைகளைக் கலந்து ஆங்கிலேயர் இந்தியாவில் வளர்த்த பாணியே கடல் கடந்து இங்கும் வந்தது.

பளிங்கு மாளிகையைப் பார்த்த கண்ணோடு, மாவட்ட நில அலுவலகத்தின் அருகே நிற்கும் ஒரு மரத்தையும் பார்க்க வேண்டும். அது ஒரு பால்மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலா கங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றே. மரம் சாகாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி வகுத்துத் தந்தார். பிறகு மோட்டார் வண்டி பெருகியது. ரப்பருக்கு விலை ஏறியது. காடு அழிந்து தோட்டம் எழுந்தது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் ஒப்பந்த முறையிலும், அது நின்றபின் கங்காணி முறையிலுமாகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வாறு ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. ஆகவே, நம்மில் பலருடைய குடும்ப வரலாறு இந்த மரத்தடியிலிருந்தே தொடங்குகிறது என்றால் மிகையாகாது.

இங்கு லக்சா உண்ணலாம். கோதுமை மாவு நூலும் மீன் குழம்பும் சேர்ந்த மலாய் உணவு அது. உண்டுவிட்டுச் சுங்கை சிப்புட் செல்வோம்.

சுங்கை சிப்புட்டில் பெரிய மாளிகைகள் இல்லை. ஆயினும் நாட்டு வரலாறு இங்கே திசை மாறியிருக்கிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. பல தோட்டங்களில் லயங்கள் ஓரிடத்தில் ஒடுக்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. இதே ஊரில் 1919இல் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் அவர் முயற்சியால் எழுந்தது. துரைமார் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாக்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி செலுத்தி நூறு வெள்ளிப் பங்கை வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளிகள் தோட்டங்களுக்கே பங்காளிகளாயினர். சிறு தொகை சேர்ந்து பெருஞ்செயல் செய்ததற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இனி ஈப்போ. அம்பு முனையில் நஞ்சு தடவ ஓராங் அஸ்லி மக்கள் பயன்படுத்திய மரத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. 1937இல் தைப்பிங்கிடமிருந்து தலைநகர்ப் பெருமை இங்கு வந்தது. 1917இல் முடிந்த இரயில் நிலையமும் ஹப்பக்கின் கைவண்ணமே. மக்கள் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்பர். சுண்ணாம்புக் குன்றின் அடியில் கல்லுமலை முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேருமிடம் அது. இதே குனோங் செரோ குன்றில் 1973ஆம் ஆண்டு பாறை சரிந்து, அடியில் இருந்த நீள்வீட்டின் மீது விழுந்ததில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அழகிய குன்றைப் பார்க்கும்போது அவர்களையும் எண்ணிக்கொள்வது நம் கடமை.

ஈப்போவின் உணவு பெயர் பெற்றது. பழைய நகரத்துச் சீனக் கடைகளில் மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையிலிருந்து வெள்ளைக் காப்பி உண்டாயிற்று. தவுகே கோழிச் சோறும் அவ்வாறே. ஆனால் நாம் புந்தோங் பக்கமும் போக வேண்டும். கம்போங் கச்சாங் பூத்தே என்னும் குடியிருப்பில், எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தார் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் பக்கோடாவும் செய்து நாடெங்கும் அனுப்புகின்றனர். தலைச்சுமையாகத் தொடங்கிய வணிகம் அது. தீபாவளிப் பலகாரம் மலாய்ப் பெயரோடு எல்லா இனத்தாருக்கும் மாலைத் தீனியாகிவிட்டது. இதுவும் ஒரு நினைவுச் சின்னமே. மரவள்ளிக் கிழங்கையும் விட்டுவிடக் கூடாது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காத லயங்களில் உயிர் காத்தது அக்கிழங்கு. சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று திரும்பாத ஆயிரக்கணக்கான தமிழர்களின் வீட்டில் எஞ்சியவர்கள் உண்டதும் அதுவே.

இறுதியாகப் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1915இல் இதைக் கட்டத் தொடங்கினார். மின்தூக்கிக்கும் இடம் விட்டார். வேலைக்கு மதராஸிலிருந்து எழுபது தமிழ்த் தொழிலாளரை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே வந்தன. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் இங்கும் வந்து தொழிலாளர் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டினர். ஸ்மித் கட்டிக் கொடுத்தார். அக்கோயிலின் மேல்தளத்தில் தெய்வ உருவங்களோடு கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் உருவமும் நிற்கிறது; அது அவரே என்பர். 1926இல் லிஸ்பன் நகரில் ஸ்மித் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை.

முற்றுப்பெறாத மாளிகைக்கு அவர் பெயர் இருக்கிறது. எழுபது பேருக்கு எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. அவர்கள் கேட்டுப் பெற்ற கோயிலே அவர்களுக்குக் கல்வெட்டு.

நேயர்களே, பேராக்கின் பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன. தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை நம் தமிழ்ப்பள்ளிகளே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பட்டணத்துக்கு இடம் பெயர்ந்தபோதும் பழைய பெயரை விடவில்லை. அப்பெயரைச் சட்டைப் பையில் அணிந்து வரும் பிள்ளைக்கு, அது எந்த இடத்தின் பெயர் என்று சொல்லித் தருவது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

ஆகவே, அடுத்த விடுமுறையில் கோட்டை பார்க்கப் புறப்படும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், கங்காணியின் ஊர், வந்த கப்பல், கோயில் எழுந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுவோம். தோட்டக் கோயில் கல்லில் உள்ள பெயர்களைப் படியெடுப்போம். சொல்லத் தெரிந்தவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை.